வடபுலத்து நீண்ட அந்தியில் ஒரு படகுப் பயணம்

மாலையில் படகேறி, சூரியன் மறைவதைக் கண்டு திரும்புவது எளிய காரியமாகவே தோன்றும். சென்னைக் கடற்கரையில் பழகியவர்க்கு ஜூன் மாதத்தில் ஆறரை மணியளவில் சூரியன் மறையும், ஏழுக்கெல்லாம் இருட்டிவிடும் என்பது கணக்கு. அந்தக் கணக்கோடு ஸ்வீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் படகேறினால் ஏமாற்றமே மிஞ்சும். அங்கு அந்தியை எவ்வாறு கணக்கிட வேண்டும் என்பதை இங்கே காண்போம்.

ஸ்டாக்ஹோம் ஏறத்தாழ வட அட்சம் 59⅓ பாகையிலும், கிழக்குத் தீர்க்கம் 18 பாகையிலும் உள்ளது. ஜூன் 21-இல் அங்குச் சூரியன் அதிகாலை 3.31-க்கு எழுந்து இரவு 10.08-க்கு மறைகிறது. பகல் பதினெட்டரை மணிக்கும் சற்று மேல். காலையும் மாலையும் சமமாகப் பிரியவில்லையே என்று நண்பர்கள் கேட்கலாம். குற்றம் சூரியனுடையதன்று, கடிகாரத்தினுடையது. 1980 முதல் ஸ்வீடனில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைக்கிறார்கள். ஆகவே சூரியன் உச்சிக்கு வருவதே பகல் 12.50-க்குத்தான். அதனுடன் அரைப்பகலான 9 மணி 18 நிமிடத்தைக் கூட்டினால் 10.08 வந்துவிடுகிறது.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். சென்னையில் அன்று சூரியன் அடிவானத்தை நோக்கி ஏறத்தாழ 76 பாகைச் சாய்வில், கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. ஸ்டாக்ஹோமிலோ அச்சாய்வு 20 பாகையே. ஏணியில் இறங்குவதற்கும், மலைச்சரிவில் குறுக்காக நடந்து இறங்குவதற்கும் உள்ள வேறுபாடு இது. சூரிய வட்டம் அடிவானத்தைத் தொட்டது முதல் முழுதும் மறைய இங்கே இரண்டரை நிமிடம். அங்கே ஆறரை நிமிடத்திற்கு மேல். பொன்னொளி படரும் நேரத்தைச் சூரியன் 6 பாகை உயரத்திற்கு வந்ததிலிருந்து கணக்கிட்டால், அது 8.52-க்கே தொடங்கி ஒன்றேகால் மணி நேரம் நீடிக்கிறது. மறைந்த பின்னரும் 11.40 வரை, விளக்கின்றிப் பொருள்களை அடையாளம் காணும் அந்தியொளி உண்டு. நள்ளிரவிலும் சூரியன் அடிவானத்துக்குக் கீழே 7¼ பாகைதான் செல்கிறது. 90-இலிருந்து 59⅓-ஐயும் 23½-ஐயும் கழித்துப் பார்த்தால் இது விளங்கும். எனவே அவ்விரவில் முழு இருள் என்பதே இல்லை.

சூரியன் மேற்கே மறைகிறது என்ற பள்ளிப் பாடத்தையும் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். ஜூன் 21-இல் அங்கு அது மறைவது வடதிசையிலிருந்து மேற்கே 36½ பாகையில். அதாவது மேற்கைவிட வடக்கிற்கே அருகில்! நகருக்குக் கிழக்கே சுமார் 30,000 தீவுகளும் திட்டுகளும் கடலில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் வாக்ஸ்ஹோம் என்னும் தீவு நகரத்துக்கு ஏறத்தாழ ஒரு மணிப் பயணம். கிழக்கு வடகிழக்காகச் செல்லும்போது மாலைச் சூரியன் இடப்புறம் பின்னால் இருக்கும். திரும்புகையில் வலப்புறம் முன்னால் வரும். இருக்கையைத் தேர்வோர் இதை நினைவிற் கொள்க.

ஆனால் கால்வாய் போன்ற குறுகிய நீர்வழியில் ஓர் இடர் உண்டு. வடமேற்கே அரைக் கிலோமீட்டர் தொலைவில், பைன் மரங்களோடு 30 மீட்டர் உயர்ந்து நிற்கும் கரை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அது வானத்தில் ஏறத்தாழ 3½ பாகையை மறைக்கும். சென்னையில் இதனால் கால் மணியளவே இழப்பு. அங்கோ சூரியன் சரிந்து செல்வதால் முக்கால் மணி பறிபோகும், 9.23-க்கே காட்சி முடிந்துவிடும்! பஞ்சாங்கத்தில் 10.08 என்று பார்த்துவிட்டு வந்தவர் மரங்களைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆகவே நேரத்தைக் குறிக்குமுன் வடமேற்கில் திறந்த நீர்ப்பரப்புள்ள இடத்தை வரைபடத்தில் தேட வேண்டும்.

இடம் கிடைத்த பின், மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவதே சரியான முறை. 8.50-க்கு அவ்விடத்தில் இருக்க வேண்டுமெனில், ஒரு மணிப் பயணத்துக்கு ஏழரைக்கே கரையை விடுவது நன்று. பயணிப் படகானால் கடைசிப் படகு திரும்பும் நேரத்தை முதலில் பார்க்க வேண்டும்; வெளிச்சம் இருக்கும் வரை படகு இருக்கும் என்பதில்லை. பால்டிக் கடலில் ஏற்றவற்றம் மிகச் சொற்பமாதலால் அந்தக் கவலை வேண்டாம். பாய்மரப் படகானால், மாலையில் காற்று அடங்கிவிடுவதுண்டு என்பதால் துடுப்போ இயந்திரமோ தேவை. 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் விதிகளின்படி சூரியன் மறைந்தது முதல் படகில் விளக்கு எரிய வேண்டும். வானம் வெளிச்சமாக இருக்கிறதே என்ற வாதம் செல்லாது. அந்த வெளிச்சத்தில்தான் நீர்மட்டத்தில் கிடக்கும் பாறைகள் கண்ணுக்குத் தப்புகின்றன. கம்பளிச் சட்டையும் அவசியம். ஜூன் இரவிலும் குளிர் 10, 12 பாகைக்கு இறங்கும்.

ஒருமுறை போட்ட திட்டத்தை மறு மாதத்துக்கும் வைத்துக்கொள்ளலாமா? ஜூன் இறுதியில் மறையும் நேரம் நாளுக்கு நாள் அசைவதே இல்லை எனலாம். ஜூலை முடிவில் அது 9.17, ஆகஸ்டு முடிவிலோ 7.53. அம்மாதத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் கரைகிறது. அந்தியொளியும் முக்கால் மணியாகச் சுருங்கிவிடுகிறது. ஜூன் திட்டப்படி ஆகஸ்டு 31-இல் 8.50-க்குத் தீவை அடைபவர், கைவிளக்கைக் கொண்டுதான் கரையேற வேண்டியிருக்கும்.