ஏழு நாள் முகாமும் ஒரு கிராம சபையும்

நம் வகுப்பறைகளில் 'லீடர்' என்றால் யார்? ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுபவர்களின் பெயரைக் கரும்பலகை ஓரத்தில் எழுதுபவர். பெரும்பாலும் நன்றாகப் படிப்பவர், அல்லது வகுப்பிலேயே உயரமானவர். காலை வணக்கக் கூட்டத்தில் உறுதிமொழி வாசிப்பவரும் அவர்தான், பேச்சுப் போட்டிக்கு அனுப்பப்படுபவரும் அவர்தான். வகுப்பில் 40 பேர் என்றால் மீதி 39 பேரும் பன்னிரண்டு ஆண்டுகள் அடுத்தவர் சொல்வதைக் கேட்டு நடக்கவே பழகுகிறார்கள். மேற்பார்வை பார்ப்பதுதான் தலைமை என்று அந்த ஒருவரும் நினைத்துக்கொள்கிறார்.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சுமையும் உண்டு. ஊரில் யார் முன்னால் உட்காரலாம், யார் பேச்சு எடுபடும் என்பதெல்லாம் அவர்கள் பிறப்பதற்கு முன்பே முடிவாகியிருக்கிறது. அந்த வரிசையைப் பள்ளியும் அப்படியே எடுத்துக்கொண்டால் ஆளுமைத் திறன் பற்றி எத்தனை பயிற்சி வகுப்பு நடத்தியும் பயனில்லை. ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியராகவும் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் இருப்பவள் என்ற முறையில், எங்கள் முகாமில் செய்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் இது. பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது நாம் அறிந்ததே. முகாம் எப்படி முடிகிறது என்பதும் நமக்குத் தெரியும். கோயில் வளாகம் சுத்தமாகும், பத்து மரக்கன்றுகள் நடப்படும், துடைப்பத்தோடு ஒரு புகைப்படம் எடுக்கப்படும். இவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கே பெருக்குவது, எதை நடுவது என்று எல்லாவற்றையும் நாமே முடிவு செய்துவிட்டால் மாணவர்களுக்கு உடலுழைப்பு மட்டுமே மிஞ்சுகிறது.

2024இல் எங்கள் முகாம் செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 4 வரை, பள்ளியிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு கிராமத்தில் நடந்தது. 25 பேர் தங்கினார்கள். அவர்களில் 11 பேர் மாணவிகள். முதல் நாள் மாலையே இரண்டு பொறுப்புகளை மாணவர்களிடம் விட்டேன். ஒன்று, அன்றன்றைய சாப்பாட்டுச் செலவுப் பணம். மற்றது, இரவு எட்டு மணிக் கூட்டம். கூட்டத்துக்குத் தலைமை தினம் ஒருவர், குறிப்பு எழுதுவது இன்னொருவர். இருவரையும் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும், ஒருமுறை வந்தவர் மறுமுறை வரக்கூடாது என்பது மட்டும் என் நிபந்தனை. கூட்டத்தில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கேட்டால் ஒழியப் பேசவில்லை.

பணம் கையில் இருந்தால் பிள்ளைகள் எவ்வளவு சீக்கிரம் பெரியவர்கள் ஆகிறார்கள்! முதல் நாள் உள்ளூர்க் கடையிலேயே காய்கறி வாங்கி, மாலைக்குச் சுண்டல் போடக் காசில்லாமல் நின்றார்கள். அன்றிரவுக் கூட்டத்தில் அரை மணி நேரம் தக்காளி விலைதான் பேச்சு. வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவன், அப்பாவோடு சந்தைக்குப் போய்ப் பழகியவன், "விடியக்காலம் ஆறு மணி பஸ்ஸுக்குப் போனா பாதி விலைக்கு வாங்கலாம்" என்றான். மறுநாள் முதல் கொள்முதல் அவன் பொறுப்பு. கணக்கை ஒரு தாளில் எழுதிச் சமையல் கொட்டகைத் தூணில் ஒட்டினான். அவனை யாரும் தலைவன் என்று அழைக்கவில்லை. ஆனால் ஏழு நாளும் எல்லாரும் அவனைக் கேட்டுத்தான் அரிசி போட்டார்கள்.

வீடு வீடாகக் கணக்கெடுக்கும் குழுக்களையும் சீட்டுக் குலுக்கியே பிரித்தார்கள். அந்த ஊர் மாணவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். தன் தெருவுக்குத் தானே போகக்கூடாது என்று அவர்களே ஒரு விதி சேர்த்தார்கள். போகிற இடத்தில் திண்ணையில் இருப்பவர் முதலில் கேட்கும் கேள்வி, "நீ யாரு வீட்டுப் புள்ள?" அந்தக் கேள்வி எதை அறிய விரும்புகிறது என்பது மாணவர்களுக்குத் தெரியும். என்ன பதில் சொல்வது என்று ஓர் இரவு முழுக் கூட்டமும் பேசினார்கள். பொய் சொல்லக்கூடாது, சண்டையும் போடக்கூடாது. கடைசியில் ஒரு மாணவி சொன்ன பதிலை எல்லாரும் ஏற்றார்கள்: "நாங்க எல்லாரும் ஒரே முகாம் புள்ளைங்க தாத்தா. அஞ்சு நிமிசம் பேசலாமா?" சில வீடுகளில் அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. பல வீடுகளில் மோர் கிடைத்தது.

மூன்றாம் நாள், எடுத்த விவரங்களைக் கொண்டு ஊரின் வரைபடத்தைப் பள்ளி முற்றத்தில் கோலமாவால் போட்டார்கள். ஊரக மதிப்பீட்டில் பரவலாகக் கையாளப்படும் முறை இது. தாளில் வரைந்தால் இரண்டு பேர் குனிந்து பார்ப்பார்கள், தரையில் போட்டால் ஊரே சுற்றி நின்று திருத்தும். "ஓடை இந்தப் பக்கம்டா" என்று ஒரு பாட்டி கோலமாவை வாங்கித் தானே இழுத்தார். பேருந்து நிறுத்தத்திலிருந்து கடைசிக் குடியிருப்பு வரை 23 மின்கம்பங்கள். முந்தைய இரவு டார்ச்சோடு நடந்து எண்ணியிருந்தார்கள். எரியும் விளக்குக்கு மஞ்சள் தூள், எரியாததற்கு அடுப்புக்கரி. ஒன்பது கரித்துண்டுகள் வந்தன. அவற்றில் ஆறு, ஏரிக்கரை தாண்டிய குடியிருப்புக்குப் போகும் பாதையில் வரிசையாக இருந்தன.

அந்தக் குடியிருப்பிலிருந்து வரும் மாணவிகள் ஏன் மாலைச் சிறப்பு வகுப்புக்கு நிற்பதில்லை என்று அதற்கு முன் ஆசிரியர் கூட்டங்களில் பலமுறை பேசியிருக்கிறோம். ஆர்வமில்லை, வீட்டில் வேலை என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. விளக்கு என்று யாரும் சொன்னதில்லை.

அக்டோபர் 2, முகாமின் ஐந்தாம் நாள், கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே அதன் உறுப்பினர்கள். எங்கள் மாணவர்களுக்கு வயது 16. எனவே தலைவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுப் பார்வையாளர்களாக உட்காரலாம் என்று முடிவாயிற்று. யார் பேசுவது? கணக்கெடுப்பில் முன்னின்ற மாணவி, அதே குடியிருப்பைச் சேர்ந்தவள், தன் அம்மாவைக் கேட்டாள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர் அவர். கிராம சபைக்கு வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார், பேசியதில்லை.

"நான் என்னத்தடி பேசுறது, படிச்சவ நீ பேசு."

"எனக்கு ஓட்டு இல்லம்மா. ஒனக்குத்தான் இருக்கு."

இரண்டு இரவு அம்மாவும் மகளும் ஒத்திகை பார்த்தார்கள். மற்ற மாணவர்கள் ஊராட்சிச் செயலரைப் பார்த்து விவரம் கேட்டு வந்தார்கள். விளக்கும் அதன் பராமரிப்பும் ஊராட்சியைச் சேர்ந்தவை, கம்பமும் மின்கம்பியும் மின்வாரியத்தைச் சேர்ந்தவை என்று அவர்தான் விளக்கினார். இதனால் கோரிக்கையை இரண்டாகப் பிரித்து எழுத முடிந்தது. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் கிராம சபைக்கு 100 பேர் வர வேண்டும் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டார்கள். முதல் நாள் மாலை எல்லாத் தெருவுக்கும் போய் அழைத்தார்கள்.

சபையில் அந்த அம்மா பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. எத்தனை கம்பம், எத்தனை எரியவில்லை, பொட்டப் புள்ளைங்க எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று மூன்றே செய்தி. பேசி முடித்ததும் பின்னாலிருந்து ஒருவர், "எங்க தெருவுலயும் ஒண்ணு எரியல" என்றார். தீர்மானப் பதிவேட்டில் செயலர் எழுதுவதை மகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையேறிப் பேசுகிறவர்களுக்குத்தான் நாம் தலைமைப் பண்புச் சான்றிதழ் தருகிறோம். இவள் அன்று ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. என் மதிப்பீட்டில் அந்த முகாமின் ஆகப் பெரிய தலைமைச் செயல் அவளுடையது.

தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள், "எங்களுக்கு முகாம் ஏது?" எனலாம். முகாம் வேண்டியதில்லை. மகிழ் முற்றம் குழுக்கள் இருக்கின்றன. குறிஞ்சி, முல்லை என்று பெயர் சூட்டுவதோடு நிறுத்தாமல், குடிநீர்த் தொட்டி, நூலக நேரம் என ஏதாவது ஒன்றின் முடிவை அந்தக் குழுவிடமே விட்டுப் பாருங்கள். நான்காம் வகுப்புக் குழந்தைகள் பள்ளிக்கு வரும் வழியைக் கோலமாவில் போட்டால் எந்த வளைவில் நாய்க்குப் பயப்படுகிறார்கள் என்பது தெரியவரும். குழுத் தலைவர் மாதம் ஒருமுறை மாற வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முதல் மாதத் தலைவர் நன்றாகச் செய்தால் தொடரட்டுமே என்று எல்லாருக்கும் தோன்றும்.

இன்னொன்று, மாணவிகளின் பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் வாங்கும்போது கையெழுத்தோடு நின்றுவிட வேண்டாம். தங்கும் அறை, கழிப்பறை, இரவில் உடனிருக்கும் ஆசிரியை யார் என்பதையெல்லாம் நேரில் காட்டுங்கள். நாங்கள் முகாமுக்கு முந்தைய வாரம் தாய்மார்களை அழைத்துப் போய்க் காட்டினோம். முதலில் மறுத்த மூன்று வீடுகள் சம்மதித்தது அதன் பிறகுதான்.

ஒன்பது விளக்குகளில் ஏழு, அந்த மாதமே ஊராட்சியால் மாற்றப்பட்டன. இரண்டு கம்பங்கள் அடியில் துருப்பிடித்தவை. அவற்றுக்கான விண்ணப்பத்தை மாணவர்களே எழுதி மின்வாரிய அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி, இரவுக் கூட்டக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தார்கள். அடுத்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்களின் முதல் கூட்டத்தில் அந்தக் குறிப்பேடு உரக்க வாசிக்கப்பட்டது. இரண்டு கம்பம் என்ன ஆயிற்று என்று கேட்டுவர இருவருக்குச் சீட்டு விழுந்தது.