மாநாடு நடக்கும்போதே கருத்துக் கேளுங்கள்

நம் ஊர்க் கருத்தரங்குகளில் கருத்துப் படிவம் தவறாமல் இருக்கும். பதிவு மேசையில் கொடுக்கும் பைக்குள் நோட்டு, பேனா, நிகழ்ச்சி நிரலோடு அதுவும் கிடக்கும். இரண்டாம் நாள் மாலை, “படிவத்தைக் கொடுத்துவிட்டுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள்” என்று அறிவிப்பார்கள். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் எல்லாக் கட்டத்திலும் ‘மிக நன்று’ என்று டிக் அடித்துவிட்டு ஆள் கிளம்பிவிடுவார். அந்தக் கட்டு நிகழ்ச்சி அறிக்கையின் பின்னிணைப்பாகப் போய்ச் சேரும். பின்வரிசையில் மைக் கேட்கவில்லை என்பது முதல் நாள் காலையிலேயே ஐம்பது பேருக்குத் தெரிந்திருக்கும். ஏற்பாட்டாளருக்கு மட்டும் தெரிந்திருக்காது.

சாப்பிட்டுக் கைகழுவியவரிடம் சாம்பாரில் உப்பு சரியா என்று கேட்டு என்ன பயன்? இலையில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால்தான் அவருக்கே பலன். மாநாட்டுக்கும் இதே கணக்கு. சுமார் 300 பேர் வரும் இரண்டு நாள் கருத்தரங்கு ஒன்றை மனத்தில் வைத்து, நடக்கும்போதே கருத்துக் கேட்கும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம். கல்லூரி அரங்கானாலும் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையமானாலும் வேலை ஒன்றுதான்.

1. எதை மாற்ற முடியும் என்று முதலில் எழுதுங்கள்

கேள்வி தயாரிக்கும் முன் ஏற்பாட்டுக் குழு கூடி மூன்று பட்டியல் போட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் சரிசெய்யக்கூடியவை: மைக், ஏ.சி., குடிநீர், வழிகாட்டிப் பலகை. மறுநாளுக்குள் மாற்றக்கூடியவை: சாப்பாட்டு வரிசை, கேள்வி நேரத்தின் அளவு, அமர்வு தொடங்கும் நேரம், அரங்க ஒதுக்கீடு. அடுத்த முறைதான் மாற்ற முடியும் என்பவை: பதிவுக் கட்டணம், ஊர், தலைப்புகள், பேச்சாளர் தேர்வு.

மாநாடு நடக்கும்போது முதல் இரண்டு பட்டியலைப் பற்றி மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே அதைச் சரிசெய்யும் பொறுப்பாளரின் பெயரும் கைபேசி எண்ணும் இருக்கட்டும். பொறுப்பாளர் இல்லாத விஷயத்தைப் பற்றிக் கேட்காமல் இருப்பதே மேல்.

2. மூன்று கேள்விகளுக்கு மேல் வேண்டாம்

ஒரு அமர்வுக்கு இவை போதும்:

• இந்த அமர்வு உங்களுக்கு எந்த அளவு பயன்பட்டது? (1 முதல் 5 வரை)
• பேசியது தெளிவாகக் கேட்டதா, திரை தெரிந்ததா? இல்லை என்றால் எது?
• அடுத்த அமர்வுக்குள் ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?

ஐந்து படிநிலை அளவுகோல் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் 1932-ல் வகுத்த முறையின் வழிவந்தது. அதைப் பயன்படுத்தும்போது நல்லதற்கு இரண்டு படி என்றால் மோசத்துக்கும் இரண்டு படி இருக்க வேண்டும். ‘நன்று, மிக நன்று, மிகச் சிறப்பு, சுமார்’ என்று அடுக்கினால் நீங்களே பாராட்டை எழுதி வாங்கிக்கொள்கிறீர்கள். ‘உணவும் தங்குமிடமும் எப்படி?’ என்று இரண்டை ஒன்றாகக் கட்டவும் கூடாது. அறை நன்றாக இருந்து சாப்பாடு மோசமாக இருந்தால் அவர் எதை எழுதுவார்?

‘இந்த மாநாட்டை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா?’ என்று 0 முதல் 10 வரை கேட்கும் முறை, வணிக ஆலோசகர் ஃபிரெட் ரைக்ஹெல்டு 2003-ல் எழுதிய கட்டுரையால் பரவியது. 9, 10 கொடுத்தவர்களின் விழுக்காட்டிலிருந்து 0 முதல் 6 வரை கொடுத்தவர்களின் விழுக்காட்டைக் கழிக்க வேண்டும். 200 பேரில் 90 பேர் முதல் வகை, 40 பேர் இரண்டாம் வகை என்றால் 45-லிருந்து 20 போக 25. இந்தக் கேள்வி நிறைவு நாளுக்கு உரியது. முதல் நாள் மதியம் இதைக் கேட்டு வரும் எண்ணைக் கொண்டு எந்த மைக்கையும் சரிசெய்ய முடியாது.

3. நன்றியுரைக்கு முன் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள்

உளவியலாளர்கள் டேனியல் கானமன், பார்பரா ஃபிரெட்ரிக்சன் ஆகியோரின் 1993-ம் ஆண்டு ஆய்வுகள், ஓர் அனுபவத்தை மனிதர்கள் அதன் உச்சத் தருணத்தையும் முடிவையும் வைத்தே பெரிதும் மதிப்பிடுகிறார்கள் என்று காட்டின. இரண்டாம் நாள் மாலை கேட்டால் கடைசிப் பேச்சாளரின் நகைச்சுவை, முதல் நாளின் சலிப்பை மறைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் கேளுங்கள்.

நம் மேடைகளில் பொன்னாடையும் நினைவுப் பரிசும் தொடங்கியதும் பாதி அரங்கு எழுந்துவிடும். அதற்கு முன்பே அமர்வுத் தலைவர் “இரண்டு நிமிடம் கருத்துக்கு” என்று சொல்லி அமைதியாக இருக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டால்தான் இந்த இரண்டு நிமிடம் பிழைக்கும்.

4. ஒரே வழியை நம்பாதீர்கள்

வண்ண அட்டை: வாசலில் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளும் ஒரு பெட்டியும் வையுங்கள். வெளியேறும்போது ஒன்றைப் போட்டுவிட்டுப் போகலாம். விருப்பம் இருந்தால் பின்பக்கம் காரணம் எழுதலாம். பத்து நிமிடத்தில் எண்ணிவிடலாம். கைபேசியோ இணையமோ தேவையில்லை.

கியூஆர் கோடு: பார்க்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. பத்து மீட்டர் தள்ளி இருக்கும் கடைசி வரிசைக்குத் திரையில் ஒரு மீட்டர் அகலம் வேண்டும். இல்லையென்றால் முன் நாற்காலியின் முதுகில் சிறியதாக ஒட்டிவிடுங்கள். கூகுள் ஃபார்மில் ‘ஒருவருக்கு ஒரு பதில்’ என்பதை இயக்கினால் கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லும். பலர் அங்கேயே மூடிவிடுவார்கள். அதை அணைத்துவையுங்கள். கேள்விகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும்.

வாட்ஸ்ஆப்: எல்லோரும் எழுதும் குழுவில் நான்கு பேரின் குரலே ஓங்கும், மற்றவர்கள் வணக்கப் படம் அனுப்புவார்கள். அறிவிப்புக்கு நிர்வாகிகள் மட்டும் எழுதும் குழு, குறை சொல்லத் தனி எண் என்று பிரித்துவிடுங்கள்.

நேரில் கேட்பது: ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர், தாம் நடத்திய மாநாட்டில் காபி இடைவேளையே மிகவும் பயன்பட்டது என்று கண்டு, 1985-ல் ‘ஓப்பன் ஸ்பேஸ்’ என்ற கூட்ட முறையையே உருவாக்கினார். மனம் திறந்த பேச்சு டீ கவுண்டர் பக்கத்தில்தான் நடக்கிறது. நான்கு தன்னார்வலர்களை அங்கே அனுப்புங்கள். “எப்படி சார் இருக்கு?” என்றால் “எல்லாம் நல்லா இருக்குப்பா” என்றுதான் பதில் வரும். “நாளைக்கு ஒண்ண மாத்தணும்னா எத மாத்தலாம் சார்?” என்று கேட்கச் சொல்லுங்கள். பதிலை எழுதிக்கொள்வதோடு அவர்கள் வேலை முடிந்தது. ஏற்பாட்டுக்கு வக்காலத்து வாங்கக் கூடாது.

5. பேசாதவர்களைத் தேடுங்கள்

தானாக முன்வந்து எழுதுபவர்கள் பெரும்பாலும் மிகவும் மகிழ்ந்தவர்கள் அல்லது மிகவும் கோபப்பட்டவர்கள். நடுவில் இருப்பவர்களை அறிய, பதிவேட்டில் பத்தில் ஒருவரைக் குறித்துக்கொண்டு அந்த 30 பேரையும் தேடிக் கேளுங்கள். மதியமே கிளம்புபவர்களை வாசலில் கேளுங்கள். போகிற காரணமே ஒரு கருத்துதான்.

எண்களை அளவுக்கு மீறி நம்பவும் வேண்டாம். 300 பேரில் 100 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து கேட்டாலும், கிடைக்கும் விழுக்காடு 8 புள்ளி வரை முன்னே பின்னே இருக்கலாம். ஒரு அமர்வுக்கு 70, இன்னொன்றுக்கு 74 என்று வந்தால் இரண்டும் சமம் என்றே கொள்ளுங்கள்.

6. பெயரையும் சான்றிதழையும் பிரித்துவையுங்கள்

தன் நெறியாளர் தலைமை தாங்கிய அமர்வைப் பற்றி ஓர் ஆய்வு மாணவி பெயர் போட்டு உண்மையை எழுதமாட்டார். படிவம் கொடுத்தால்தான் சான்றிதழ் என்ற வழக்கத்தைக் கைவிடுங்கள்; அது படிவங்களைக் கூட்டும், உண்மையைக் குறைக்கும். கைபேசி எண் தேவை என்றால் எதற்கு என்று சொல்லி, ஒப்புதல் பெற்று வாங்குங்கள். 2023-ல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும் அதுதான்.

பாலியல் தொல்லை பற்றிய புகாரைக் கருத்துக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளகப் புகார்க் குழுவிடம் எப்படிச் செல்வது என்பதைப் பதிவு மேசையிலேயே எழுதி ஒட்டுங்கள்.

7. மாலையில் இருபது நிமிடம் உட்காருங்கள்

முதல் நாள் முடிந்ததும் குழு கூடி, வந்தவற்றை ‘உடனே, நாளை, அடுத்த முறை, முடியாது’ என்று நான்காகப் பிரிக்கட்டும். ஐந்து பேர் ஒரே குறையைச் சொன்னால் மறுநாள் அது மாறியாக வேண்டும் என்று முன்கூட்டியே விதி வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு, உடல்நலம் தொடர்பானது என்றால் ஒருவர் சொன்னாலே போதும். மாலை வரை காத்திருக்கவும் வேண்டாம். கையெழுத்தைப் பார்த்து இது யார் எழுதியது என்று ஆராய்வதற்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை.

8. மாற்றியதை மேடையில் சொல்லுங்கள்

இரண்டாம் நாள் காலை, முதல் அமர்வுக்கு முன் ஒருவர் இரண்டு நிமிடம் பேசட்டும். “பின்வரிசையில் கேட்கவில்லை என்றீர்கள், இரண்டு ஸ்பீக்கர் கூடுதலாக வைத்திருக்கிறோம். சாப்பாட்டுக்கு இன்று மூன்று வரிசை. கேள்வி நேரம் பத்து நிமிடம் கூடுகிறது. இரண்டாவது அரங்கை மட்டும் மாற்ற முடியவில்லை, வேறு அரங்கு காலியில்லை.” முடியாததையும் காரணத்தோடு சொல்வது முக்கியம். சொன்னது நடக்கிறது என்று கண்டவர்கள் அன்று இன்னும் வெளிப்படையாக எழுதுவார்கள்.

9. முடிந்த பின்

மூன்றாம் பட்டியலுக்கான கேள்விகளை மறுநாளே அனுப்புங்கள். வாரம் கடந்தால் பதில் குறையும். பேச்சாளர்களுக்கு அவரவர் கருத்தைத் தனியாக அனுப்புங்கள். ஒருவரின் மதிப்பெண்ணை மற்றவருக்குக் காட்ட வேண்டாம். கடைசியாக, ‘சொன்னார்கள், செய்தோம், செய்யாமல் விட்டோம்’ என்று ஒரே பக்கத்தில் எழுதி அடுத்த ஆண்டுக் குழுவிடம் ஒப்படையுங்கள். குழு ஆண்டுதோறும் மாறும் அமைப்புகளில் அந்தப் பக்கம் இல்லையென்றால் அதே மைக் அடுத்த ஆண்டும் கேட்காது.

இத்தனைக்கும் ஆகும் செலவு சில நூறு வண்ண அட்டைகள், நான்கு தன்னார்வலர்கள், நாளுக்கு இருபது நிமிடம். திருத்தும் எண்ணம் இருந்தால் மட்டும் கேளுங்கள். இல்லையென்றால் அந்தத் தாளையாவது மிச்சப்படுத்துங்கள்.