என் பெயர் சிவப்பு: ஒரு நாவல், பல தீர்ப்புகள்

துப்பறியும் நாவலைக் கையில் எடுப்பவருக்குக் கொலை செய்தவர் யார் என்ற கேள்விதான் முதலில் எழும். விடை கிடைக்கும் வரை ஓய மாட்டார். விடை கிடைத்ததும் நூலை மூடி வைத்துவிடுவார். துருக்கி எழுத்தாளர் ஓரான் பாமுக் 1998இல் வெளியிட்ட ‘என் பெயர் சிவப்பு’ என்னும் நாவலும் அந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. முதல் அத்தியாயத்தில் நம்மோடு பேசுவது கிணற்றின் அடியில் கிடக்கும் ஒரு பிணம். தன்னைக் கொன்றவனைக் கண்டுபிடிக்குமாறு அது நம்மிடம் முறையிடுகிறது. இப்படி விறுவிறுப்பாகத் தொடங்கும் நாவலை மூன்று நாளில் முடித்தவர்களும் உண்டு; மூன்று முறை தொடங்கியும் முடிக்க முடியாமல் வைத்துவிட்டவர்களும் உண்டு. ஒரே நூலைப் பற்றிக் கருத்துகள் இவ்வளவு தூரம் பிரிந்து நிற்பது ஏன்?

கதை நிகழும் இடம் இஸ்தான்புல். காலம் 1591ஆம் ஆண்டின் பனிக்காலம். ஒட்டோமான் பேரரசை மூன்றாம் முராத் என்னும் சுல்தான் ஆண்டுகொண்டிருந்தார். ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கில் ஆயிரமாவது ஆண்டு பிறந்திருந்தது. அதையொட்டி இரகசியமாக ஓர் ஓவிய நூலை உருவாக்கும்படி சுல்தான் ஆணையிடுகிறார். எனிஷ்டே எஃபெண்டி என்ற பெரியவர் அப்பணியை மேற்பார்வையிடுகிறார். அந்நூலுக்குத் தங்கப்பூச்சு வேலை செய்துவந்த கலைஞர்தான் கொல்லப்பட்டவர். வண்ணத்துப்பூச்சி, நாரை, ஆலிவ் என்று பட்டப்பெயர்களால் அழைக்கப்படும் மூன்று நுண்ணோவியர்கள்மீது ஐயம் விழுகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஊர் திரும்பியிருக்கும் கறுப்பு என்பவர் உண்மையைத் தேடிப் புறப்படுகிறார்.

இந்த மூவரும் சாதாரண ஓவியர்கள் அல்லர். அரண்மனைப் பட்டறையில் சிறுவயது முதல் பயின்று, தலைமை ஓவியர் ஓஸ்மானிடம் அடியும் பாராட்டும் பெற்று வளர்ந்தவர்கள். ஓஸ்மான் கற்பனைப் பாத்திரம் மட்டுமல்லர். அப்பெயருடைய ஓவியர் மூன்றாம் முராத்தின் பட்டறைக்கு உண்மையிலேயே தலைமை வகித்தார். 1582இல் ஐம்பது நாளுக்கு மேல் நடந்த அரண்மனைப் பெருவிழாவைச் சித்திரிக்கும் நூல் அவருடைய பட்டறையில் உருவானது. இன்றும் அது தொப்காப்பி அரண்மனையில் உள்ளது.

அக்காலத்தில் ஒரு நுண்ணோவியம் உருவாவதற்குப் பலருடைய உழைப்பு தேவைப்பட்டது. தாளின்மேல் கஞ்சியோ முட்டை வெண்கருவோ பூசி, உலர்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அப்போதுதான் மை தாளுக்குள் ஊறாமல் மேலே நிற்கும். ஒருவர் கோடு போடுவார், ஒருவர் வண்ணம் தீட்டுவார், மற்றொருவர் ஓரங்களில் தங்கம் இடுவார். தூரிகையின் நுனியில் சில மயிர்களே இருக்கும். குனிந்த தலை நிமிராமல் இப்படி ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர்களுக்கு முதுமையில் பார்வை மங்கிவிடும். அதை ஓர் இழப்பாகக் கருதாமல், வாழ்நாள் உழைப்புக்குக் கிடைத்த பெருமையாகவே இந்த நாவலில் வரும் பழைய ஆசான்கள் கருதுகிறார்கள். கண் போன பிறகும் கை குதிரையை மறக்காது என்பது அவர்களின் நம்பிக்கை.

இவர்களின் மரபில் ஓவியத்தின் கீழ் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. தனக்கென ஒரு பாணி இருப்பதும் பெருமை ஆகாது. முன்னோர் வரைந்த குதிரையை அவர்கள் வரைந்தபடியே வரைய வேண்டும். அதில் ஓவியனின் தனி அடையாளம் தெரிந்தால் அது குறை. வெனிஸ் நகர ஓவியர்களோ ஒரு மனிதரைப் பார்த்தால் அவரைப் போலவே வரைந்தார்கள். அருகில் இருப்பதைப் பெரிதாகவும் தொலைவில் இருப்பதைச் சிறிதாகவும் காட்டினார்கள். சுல்தானின் இரகசிய நூலில் இந்தப் புதிய முறை நுழைகிறது. கற்ற கலையைக் காப்பதா, புதியதை ஏற்பதா என்ற போராட்டமே கொலை வரை சென்றுவிட்டது என்பதை வாசகர் விரைவிலேயே உணர்ந்துகொள்வார்.

இங்கேதான் வாசகர்கள் பிரிகிறார்கள். முதல் சாராரின் குறை, கதை நகரவில்லை என்பது. பிணம் பேசிய வேகத்தில் அடுத்தடுத்துத் திருப்பங்கள் வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு நாயும் மரமும் தங்கக் காசும் தம் கதையைச் சொல்லத் தொடங்குவது பொறுமையைச் சோதிக்கிறது. மொத்தம் 59 அத்தியாயங்கள். ஏறத்தாழ ஒவ்வொன்றிலும் பேசுபவர் மாறுகிறார். கறுப்பு மூன்று ஓவியர்களையும் தனித்தனியே சந்திக்கும் பகுதியில் ஒவ்வோர் ஓவியரும் மும்மூன்று குட்டிக் கதைகள் சொல்கிறார். ஒன்பது கதைகள்! கொலையாளியைத் தேடி வந்தவர், பழைய மன்னர்கள், ஓவியர்கள் ஆகியோரின் கதைகளுக்கு நடுவே நின்றுவிடுகிறார். நூலை வைத்துவிடத் தூண்டும் இடமும் இதுதான்.

இரண்டாம் சாராரைக் கவர்ந்ததும் இதே பகுதிதான் என்பது வியப்பு. வழக்கமான துப்பறிவாளர், நேற்றிரவு எங்கே இருந்தாய் என்று கேட்பார். கறுப்பு அப்படிக் கேட்பதில்லை. ஒருவரிடம் பாணியையும் கையொப்பத்தையும் பற்றிக் கேட்கிறார். ஒருவரிடம் ஓவியத்தையும் காலத்தையும் பற்றிக் கேட்கிறார். மற்றொருவரிடம் பார்வை இழப்பையும் நினைவையும் பற்றிக் கேட்கிறார். அவர்கள் சொல்லும் கதைகளே வாக்குமூலங்கள். யார் எதைப் பெருமையாகச் சொல்கிறார், எதைச் சொல்லத் தயங்குகிறார் என்று கவனித்தால் விசாரணை அங்கே முழுவீச்சில் நடந்துகொண்டிருப்பது விளங்கும். ஆகவே ‘கதை நின்றுவிட்டது’ என்று கூறுவது சரியாகப் படவில்லை. கதை வேறு வழியில் போகிறது. அந்த வழியை ஆசிரியர் நமக்கு முன்கூட்டிச் சொல்லாமல் விட்டுவிட்டார். அதற்காக வாசகரை முழுவதும் குறை சொல்லவும் முடியாது.

தொழில் நுணுக்கங்கள் நிறைந்த மர்ம நாவல்களுக்கு இத்தகைய வரவேற்பு புதிதன்று. ஆங்கில எழுத்தாளர் டோரதி எல். சேயர்ஸ் 1934இல் ‘தி நைன் டெய்லர்ஸ்’ என்ற நாவலை எழுதினார். பெயரைப் பார்த்துத் தையற்காரர்களின் கதை என்று எண்ணிவிடக்கூடாது. அது தேவாலய மணிகளை முறைப்படி ஒலிக்கும் கலையைச் சுற்றி அமைந்த துப்பறியும் கதை. பலர் அதை அவருடைய மிகச் சிறந்த நாவல் என்றார்கள். அவர்களின் பரிந்துரையை நம்பி அதைப் படித்த அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சனோ, மணியடிக்கும் விவரங்களைப் பெரும்பாலும் தாண்டிச் சென்றதாக 1945இல் ‘தி நியூ யார்க்கர்’ இதழில் வெளிப்படையாகவே எழுதினார். பல மர்மக் கதைகளை ஒருசேரச் சாடிய கட்டுரை அது. பலர் கொண்டாடிய பக்கங்களே அவருக்குத் தாண்டிச் செல்லும் பக்கங்கள் ஆயின.

பாமுக்கின் நாவலைப் பற்றி எழும் மற்றொரு குறை இன்னும் கூர்மையானது. துப்பறியும் கதையில் ஆசிரியர் வாசகரோடு நேர்மையாக விளையாட வேண்டும் என்பது நெடுநாளைய எதிர்பார்ப்பு. துப்பறிவாளருக்குக் கிடைக்கும் தடயங்கள் எல்லாம் வாசகருக்கும் கிடைக்க வேண்டும் என்று ரொனால்ட் நாக்ஸ் 1929இல் வகுத்த பத்து விதிகளில் ஒன்று வலியுறுத்துகிறது. இந்நாவலில் முக்கியத் தடயம் ஒரு குதிரைச் சித்திரம். இறந்தவரிடம் இருந்த தாளில் அது வரையப்பட்டிருக்கிறது. அதில் உள்ள ஒரு சிறு வேறுபாட்டை வைத்து, வரைந்த கையைக் கண்டுபிடிக்க முயல்கிறார் தலைமை ஓவியர். நமக்கோ அந்தக் குதிரை கண்ணுக்குத் தெரியாது. சொற்களாக மட்டுமே தெரியும். ஓஸ்மான் சொல்வதை நம்புவதைத் தவிர நமக்கு வழியில்லை. இது நியாயமா?

குறை சொல்பவர்களின் பக்கம் இங்கே வலுவாகவே இருக்கிறது. ஆயினும் ஒன்றைக் கவனிக்கலாம். கொலையாளி இந்நாவலில் இரண்டு குரல்களில் பேசுகிறான். தன் பட்டப்பெயரோடு ஓவியனாகப் பேசுகிறான். பெயரை மறைத்துக் கொலையாளியாகவும் பேசுகிறான். தன் பேச்சில் எந்தத் தனி அடையாளமும் தெரியாமல் பார்த்துக்கொள்வதாக அவனே நம்மைச் சீண்டுகிறான். அப்படியானால் தலைமை ஓவியர் குதிரையில் தேடும் அதே வேலையை நாம் சொற்களில் செய்யலாம். இரண்டு குரல்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் எங்கேயாவது ஒரு வழக்கம், ஒரு தற்பெருமை, ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். படத்தைக் காட்ட முடியாத ஆசிரியர் குரலைக் கேட்கவைக்கிறார்.

இந்தப் பதிலிலும் ஓட்டை உண்டு. மூன்று ஓவியர்களின் குரல்களும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன என்று பலர் கூறுகிறார்கள். ஒரே ஆசானிடம் பயின்றவர்கள், தனி அடையாளத்தை மறைக்கப் பழகியவர்கள் ஒன்றுபோலத்தானே பேசுவார்கள் என்று ஆதரவாளர் விடை சொல்லலாம். விடை சாதுரியமானதுதான். ஆனால் பாத்திரங்களைப் பிரித்தறிய முடியாமல் வாசகர் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டும்போது அந்தச் சாதுரியம் உதவாது. இந்நாவலின் மெய்யான பலவீனம் இதுவே என்று கருத இடமிருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, எனிஷ்டேயின் மகள் ஷெகூரேயைப் பற்றிப் பெரும்பாலோர் நன்றாகவே பேசுகிறார்கள். போருக்குச் சென்ற கணவன் திரும்பவில்லை; இரண்டு பிள்ளைகள்; கொழுந்தனின் நெருக்குதல் ஒருபுறம், கறுப்பின் காதல் மறுபுறம். அவள் நம்மிடமே சில சமயம் பொய் சொல்கிறாள், பிறகு அதைத் திருத்துகிறாள். காதல் பகுதி மர்மத்தின் ஓட்டத்தைக் கெடுக்கிறது என்போரும் ஷெகூரே பேசும் அத்தியாயங்களைத் தாண்டிச் செல்வதில்லை. பாமுக் தம் தாயாரின் பெயரையே அவளுக்குச் சூட்டியிருக்கிறார். அவளுடைய பிள்ளைகளின் பெயர்கள் ஷெவ்கெத், ஓரான். அவை ஆசிரியரின் அண்ணன் பெயரும் அவர் பெயருமே.

தமிழில் இந்நாவலை ஜி. குப்புசாமி மொழிபெயர்த்துள்ளார். துருக்கியிலிருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குமாக இரண்டு ஆறுகளைக் கடந்து அது நம்மிடம் வந்திருக்கிறது. பாரசீகக் காவியத்தின் ஹுஸ்ரெவ், ஷிரின் காதல் துருக்கிய வாசகருக்குப் பழக்கமானது. படத்தில் கண்ட முகத்தைக் காதலித்த ஷிரினை அவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நமக்கு அது புதிது. எனவே ஒரு நூல் கடினமாக இருக்கிறது என்று சொல்வதற்கு முன், கடினம் நூலில் உள்ளதா, நமக்கும் அந்த ஊருக்கும் உள்ள தொலைவில் உள்ளதா என்று பிரித்துப் பார்ப்பது நலம்.

விருதுகள் இந்த வழக்கைத் தீர்த்துவிட்டனவா? 2003இல் டப்ளின் நகரம் வழங்கும் அனைத்துலக இலக்கிய விருது இந்நாவலுக்குக் கிடைத்தது. பரிசுத்தொகையான 100,000 யூரோவில் கால் பங்கு ஆங்கில மொழிபெயர்ப்பாளர் எர்தாக் கோக்னாருக்குச் சென்றது. 2006இல் பாமுக் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார். ஆனால் நோபல் பரிசு பெற்றவர் எழுதியது என்பதற்காகச் சலித்த பக்கம் இனித்துவிடாது. சலித்தது என்பதற்காக நூல் தாழ்ந்துவிடவும் செய்யாது.

நூல் மதிப்புரை எழுதும் மாணவர் பலர் ‘கதை மெதுவாக நகர்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை’ என்று இரண்டு தொடர்களில் முடித்துவிடுகிறார்கள். அவர் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அதைப் படிப்பவருக்கு நூலைப் பற்றி எதுவும் தெரியவில்லை. ‘மூன்று ஓவியர்கள் ஒன்பது கதைகள் சொல்லும் இடத்தில் கொலையைப் பற்றிய எண்ணமே எனக்கு மறந்துவிட்டது, ஓவியக் கலையில் ஆர்வமுள்ளவர்கள் அந்த இடத்தை விரும்பக்கூடும்’ என்று எழுதினால், அதே கருத்து மற்றவருக்குப் பயன்படும் கருத்தாகிறது. எந்த இடம், அங்கே என்ன நடந்தது, வாசித்தவர் எதை எதிர்பார்த்தார் ஆகிய மூன்றும் அதில் உள்ளன. எதிர்க்கருத்து உடையவரும் அதை வைத்து உரையாடலாம்.

இப்போது உங்கள் குழுவில் கலந்துரையாடுங்கள். குதிரைச் சித்திரத்தை வாசகருக்குக் காட்டாமலே அதை முக்கியத் தடயமாக்கியது நேர்மையான விளையாட்டா? ஒருவர் பாமுக்கின் பக்கமும் மற்றொருவர் நாக்ஸின் விதியின் பக்கமும் நின்று பேசுக. பிறகு, நீங்கள் பாதியில் நிறுத்திய ஏதேனும் ஒரு கதைநூலை எடுத்து, எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், அந்தப் பக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை ஒரு பத்தியில் எழுதுக.