துருப்பிடித்த நட்டும் பொருந்தாத ஸ்பேனரும்

கடந்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் டிவிசனில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஒன்று லயத்துக்குப் பின்னால் ஜெக்கில் நின்றது. பின்பக்கச் சொக் அப்சோபர் எண்ணெய் கசிந்து போனதால் புதியது மாற்றப் பார்த்தார்கள். மேல் முனை கழன்றுவிட்டது. அதன் ரப்பர் வாசரும் கிழிந்துவிட்டது. கீழ் நட்டு மட்டும் அசையவில்லை. மூன்று பையன்கள் மாறி மாறி இழுத்ததில் நட்டின் மூலைகள் தேய்ந்து மொட்டையாகி விட்டன. மறுநாள் பிள்ளைகளுக்குத் தவணைப் பரீட்சை. வேன்காரத் தம்பிக்கோ லீசிங் கட்ட வேண்டிய கிழமை.

நாங்கள் போய்ப் பார்த்தபோது ஒரு பையன் வேனுக்கு அடியில் படுத்திருந்தான். இன்னொருவன், "சேர், புளோ லேம்ப் வச்சுச் சூடு காட்டுனா வந்துரும்" என்றான். முதலில் அடியில் இருந்தவனை வெளியே வரச் சொன்னோம். விளக்கைத் தூக்கி அப்பால் வைக்கச் சொன்னோம். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். இப்போது தோட்டங்களில் வேன், ஆட்டோ, மோட்டார் சைக்கிள் உள்ள குடும்பங்கள் பல. சின்ன வேலைகளைக் கராஜுக்குக் கொண்டு போகாமல் வீட்டிலேயே செய்கிறார்கள். அது நல்லதுதான்.

நமது மலைநாட்டில் பனியும் மழையும் வண்டியின் அடிப்பாகத்தைக் காயவே விடுவதில்லை. அதோடு உர மூட்டை ஏற்றினால், சிந்திய அமோனியம் சல்பேட்டும் பொட்டாஷும் ஈரத்தோடு சேர்ந்து இரும்பை அரிக்கும். உரம் ஏற்றிய வண்டியை அன்றே தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும், அடிப்பக்கத்தையும் சேர்த்து. துரு என்பது இரும்பை விடக் கூடுதலாக இடம் பிடிக்கும் பொருள். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே மரையில் உள்ள சிறு இடைவெளியில் அது ஊதிப்போய் இரண்டையும் இறுக்கிவிடுகிறது.

ஆனால் துரு நட்டை இறுக்குமே தவிர மொட்டையாக்காது. மொட்டையாக்குவது ஸ்பேனர்தான். அந்தப் பையன்கள் பாவித்த ஸ்பேனரை வாங்கிப் பார்த்தோம். ஸ்டோர் வேர்க்‌ஷொப்பில் இருந்து இரவல் வாங்கியது. பழைய ஆங்கிலேயர் காலத்து யந்திரங்களுக்கான விட்வொர்த் ஸ்பேனர், 3/8 என்று போட்டிருந்தது. விட்வொர்த்தில் அந்த எண் போல்ட்டின் தடிப்பைக் குறிக்கும், ஸ்பேனரின் வாய் அகலத்தை அல்ல. அதன் வாய் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர். வேனின் நட்டு 17. போட்டால் உட்காருவது போலத்தான் இருக்கும், பலமாக இழுத்தவுடன் மூலைகளை வழித்துக்கொண்டு சுழலும். ஜப்பான் வண்டிகளுக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர்தான் வேண்டும். அதிலும் இறுகிய நட்டுக்கு வாய் திறந்த ஸ்பேனரைத் தொடவே கூடாது. ரிங் ஸ்பேனர் அல்லது பொக்ஸ் ஸ்பேனர்தான், கிடைத்தால் உள்ளே ஆறு மூலை உள்ளது. பன்னிரண்டு மூலை உள்ளது நட்டின் முனைகளை மட்டும் பிடிக்கும். ஆறு மூலை உள்ளது பக்கங்களைப் பிடிக்கும்.

இனி வேலையைத் தொடங்கும் முறை. வண்டி சமதரையில் நிற்க வேண்டும். லயத்துப் பக்கம் சமதரை குறைவு என்பது எங்களுக்கும் தெரியும், அப்படியானால் வண்டியை ரோட்டோரம் சமமான இடத்துக்குக் கொண்டு போங்கள். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, தரையில் இருக்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜெக் தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு ஸ்டாண்ட் வேண்டும். சிமெந்துக் கல் திடீரென நொறுங்கும், அதை நம்ப வேண்டாம். இறுகிய நட்டை இழுக்கும்போது வண்டியே ஆடும். வெறும் ஜெக்கில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை வைத்துக்கொண்டு ஸ்பேனரை இழுப்பவன் வண்டியைத் தானே தன் மேல் தள்ளுகிறான்.

அடுத்து, நட்டுக்கு வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்க்க வேண்டும். அந்தத் துருவையும் சேற்றையும் தாண்டித்தான் நட்டு வெளியே வர வேண்டும், எண்ணெயும் அவ்வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் துரு இளக்கும் ஸ்பிரே நல்லது. இல்லாவிட்டால் டீசல், ஆனால் அது மெதுவாகத்தான் வேலை செய்யும். தடித்த என்ஜின் ஒயில் மரைக்குள் போகாது. அடித்த உடனே ஸ்பேனரைப் போடுவது நாம் எல்லோரும் செய்யும் பிழை. மாலையில் அடியுங்கள், நட்டின் பக்கங்களில் சுத்தியலால் நாலைந்து தட்டுத் தட்டுங்கள், படுக்கப் போகுமுன் இன்னொருமுறை அடியுங்கள். அந்தத் தட்டலில் துரு வெடித்து எண்ணெய்க்கு வழி கிடைக்கிறது.

காலையில் ஸ்பேனரை முழுதாக உள்ளே உட்கார வைத்து, முதலில் இறுக்கும் பக்கம் கொஞ்சம் அசையுங்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனாலும் துருவின் பிடி உடைந்தால் போதும், எந்தப் பக்கம் என்பது பிறகு. அப்புறம் கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்புங்கள். அசைந்தவுடன் ஒரே இழுப்பாகக் கழற்ற வேண்டாம். கால் சுற்று முன்னால், அரைக்கால் சுற்று பின்னால், இன்னும் கொஞ்சம் எண்ணெய். ஸ்பேனரைத் தள்ளாமல் நம்மை நோக்கி இழுப்பது நல்லது. தள்ளித்தான் ஆக வேண்டுமென்றால் விரித்த உள்ளங்கையால் தள்ளுங்கள். வழுக்கினால் விரல் முட்டி தப்பும்.

பைப் மாட்டி இழுப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு அடி ஸ்பேனரை மூன்று அடி பைப்பால் நீட்டினால் அதே கைக்கு மூன்று மடங்கு பலம் வரும். நட்டுக்கு அது நல்லது, போல்ட்டுக்கு ஆபத்து. சட்டென்று விடுபடாமல் ரப்பர் முறுக்குவது போல் கைக்கு இளகலாகத் தெரிந்தால் அந்த இடத்தில் நிறுத்துங்கள். நட்டு கழறவில்லை, போல்ட் முறுக்குகிறது. அடுத்த இழுப்பில் அறுந்துவிடும்.

சூடு காட்டுவது கராஜ்காரர் செய்வதுதான், பொய்யில்லை. நட்டு விரிந்து பிடி விடும். ஆனால் சொக் அப்சோபருக்குள் எண்ணெய் அடைபட்டிருக்கிறது, சிலவற்றில் அழுத்தத்தோடு வாயுவும் உண்டு. சூடாக்கினால் வெடிக்கலாம். பக்கத்தில் பிரேக் ஹோஸ், பெற்றோல் குழாய், ரப்பர் புஷ். முதல் நாள் அடித்த ஸ்பிரேயும் தீப்பற்றும். எனவே வீட்டில் சூடு வேண்டாம்.

அந்த வேன் நட்டுக்கு வருவோம். அன்று மாலையே எண்ணெய் அடித்து விட்டுவிட்டோம். மொட்டையான 17 நட்டின் எதிரெதிரான இரண்டு பக்கங்களை மறுநாள் அரத்தால் சமமாக ராவி, 16 ஸ்பேனர் தட்டித்தான் ஏறும் அளவுக்குக் கொண்டு வந்தார்கள். மத்தியானத்துக்கு முன் கழன்றது. அதுவும் சரிவராவிட்டால் நட்டின் ஒரு பக்கத்தை ஹெக்ஸோவால் மரை தொடும்வரை அறுத்து, உளி வைத்துப் பிளக்கலாம். போனால் போவது ஒரு நட்டு. உளியும் சுத்தியலும் எடுத்தால் கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். இரும்புச் சில்லு கண்ணில் தைத்தால் தேய்க்காமல், கழுவாமல், மெல்ல மூடிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிள்ளைகள் அன்று காலை இரண்டு ஆட்டோவில் நெருக்கியடித்துப் பரீட்சைக்குப் போனார்கள். வேன்காரத் தம்பிக்கு ஒரு நாள் ஓட்டம் போய்விட்டது. சனிக்கிழமை இரவே எண்ணெய் அடித்திருந்தால் அதுவும் போயிருக்காது.

போல்ட் உள்ளேயே அறுந்துவிட்டால் நாமாகத் துளைபோட வேண்டாம். அதற்கென்று விற்கும் எக்ஸ்ட்ராக்டர் மிகக் கடினமான உருக்கு; உள்ளே முறிந்தால் சாதாரண துளைக்கம்பி அதன்மேல் ஏறாது. வெல்டிங் தெரிந்த பாஸிடம் கொண்டு போனால், அறுந்த துண்டின் மேல் புதிய நட்டை வெல்ட் பண்ணித் திருப்பி எடுத்துவிடுவார்.

மாட்டும்போது பழைய நட்டைத் திரும்பப் போடாதீர்கள். மரையைத் துடைத்து மெல்லிய கிரீஸ் பூசலாம். சில்லு நட்டுகளுக்கு மட்டும் கிரீஸ் கூடாது, அளவுக்கு மீறி இறுகி போல்ட்டை இழுத்துவிடும். சொக் அப்சோபர் நட்டைக் கடைசியாக இறுக்குவது வண்டி தன் சில்லுகளில் நிற்கும்போதுதான். இல்லாவிட்டால் புதிய புஷ் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும்.

எங்கள் காரியாலயத்தில் 8 முதல் 24 மில்லிமீட்டர் வரை ரிங் ஸ்பேனர் பெட்டி ஒன்றும், இரண்டு ஸ்டாண்டும், பாதுகாப்புக் கண்ணாடியும் இருக்கின்றன. வேலைநாட்களில் பிற்பகல் நான்கு மணிக்குப் பின் புத்தகத்தில் கையெழுத்து வைத்து எடுத்துப் போகலாம். ஸ்பேனர் மட்டும் கேட்டால் தரமாட்டோம்; ஸ்டாண்டையும் சேர்த்தே எடுத்துப் போக வேண்டும்.