சியோலைத் தாண்டினால்தான் கொரியா

தென்கொரியாவுக்குப் போகிற நம்மவர்களில் பலர் சியோலில் இறங்கி, சியோலிலேயே சுற்றி, அங்கிருந்தே ஊர் திரும்பிவிடுகிறார்கள். நாடகங்களிலும் பாட்டுகளிலும் பார்த்த தெருக்கள் அங்கேதானே இருக்கின்றன! ஆனால் தலைநகரம், மலை, பழைய தலைநகரம், துறைமுகம் என நான்கையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட்டு வந்த எனக்கு ஒன்று உறுதியாகப் படுகிறது. சியோலோடு நிறுத்திக்கொண்டால் கொரியாவில் பாதியைக்கூடப் பார்த்ததாகாது. வெளியூர்களுக்குப் போக வழிகாட்டியும் வேண்டாம், கொரிய மொழியும் வேண்டாம். சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போனால் போதும்.

கிளம்பும் முன்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விசாவை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். அடுத்தது பருவம். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை மழைக்காலம். ஜனவரியில் சியோலின் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை போகும். செர்ரி பூக்க ஏப்ரல் தொடக்கம், இலை சிவக்க அக்டோபர். மலையையும் பார்க்கப்போகிறவர்களுக்கு என் பரிந்துரை அக்டோபர்தான். ஆனால் சூசோக் எனும் அறுவடைத் திருநாள் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பும் நாட்கள் அவை. ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

போனில் இரண்டு செயலிகள் கட்டாயம் இருக்கட்டும். வழி பார்க்க நேவர் மேப், மொழிபெயர்க்கப் பப்பாகோ. நாம் பழகிய கூகுள் மேப்பை அங்கே நடைவழிக்கு நம்ப முடியாது. பெட்டிக்கடை மாதிரி மூலைக்கு மூலை இருக்கும் கன்வீனியன்ஸ் ஸ்டோர்களில் டி-மணி கார்டு விற்கிறார்கள். மெட்ரோ, பஸ் இரண்டுக்கும் அந்த ஒரே கார்டு போதும். பஸ்ஸில் ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும் கார்டைத் தட்ட மறக்காதீர்கள். அப்போதுதான் அடுத்த வண்டிக்கு மாறும்போது கட்டணச் சலுகை கிடைக்கும். எதில் தடுமாறினாலும் 1330 என்ற சுற்றுலா உதவி எண்ணில் எந்த நேரமும் ஆங்கிலத்தில் கேட்கலாம்.

சியோலில் அளவோடு

1395-இல் கட்டப்பட்ட கியோங்போக்குங் அரண்மனைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கொரியரின் மரபுடையான ஹன்போக் அணிந்து போனால் நுழைவுக் கட்டணம் கிடையாது. பக்கத்திலேயே இருக்கும் புக்சோன், ஓட்டு வீடுகள் நிறைந்த பழைய குடியிருப்பு. அங்கே இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். கூட்டத்தால் அவர்களுடைய நிம்மதி கெட்டதால், முக்கியமான சந்துகளில் காலை 10 முதல் மாலை 5 வரை மட்டுமே பயணிகளை விடுகிறார்கள். மீறினால் ஒரு லட்சம் வொன் அபராதம். குரலைத் தாழ்த்தி நடப்பது அந்த வீட்டுக்காரர்களுக்கு நாம் தரும் மரியாதை.

மாலைக்குக் குவாங்ஜாங் சந்தை. 1905-இல் தொடங்கிய சந்தை அது. பல கடைகளின் முன்னால் கல் எந்திரம் சுழன்றுகொண்டே இருக்கிறது. ஊறவைத்த பாசிப்பயறு நுரைத்த மாவாக வழிந்து பாத்திரத்தில் விழுகிறது. அதில் முளைப்பயறைக் கலந்து, ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, எண்ணெய் மிதக்கும் கல்லில் மொறுமொறுவென்று சுட்டெடுக்கிறார்கள். பெயர் பின்டேத்தொக். நம் அடைக்கு நெருங்கிய உறவு. வெங்காயம் ஊறிய சோயா சாஸில் தொட்டுச் சாப்பிடவேண்டும். சில கடைகளில் பன்றி இறைச்சியும் சேர்ப்பார்கள் என்பதால் சைவர்கள் கேட்டு வாங்குவது நல்லது.

சைவர்கள் பட்டினி கிடக்கவேண்டாம்

நம் ஆட்களின் பெரிய கவலை சாப்பாடு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கறி தெரியாததால் மட்டும் ஒரு பதார்த்தம் சைவமாகிவிடாது. காரமாக ஊறவைத்த முட்டைக்கோஸ் தொடுகறியான கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ சேர்ந்திருக்கும். சூப்புகளின் அடிப்படையே பல நேரம் நெத்திலிதான். தெருவில் சிவக்கச் சிவக்கக் கொதிக்கும் அரிசிக் கொழுக்கட்டைப் பதார்த்தமான தொக்பொக்கியிலும் மீன் கேக் கிடக்கும். ஆகவே “இறைச்சி, மீன், கடல் உணவு, அவற்றின் சாறு எதுவும் வேண்டாம்” என்று கொரிய மொழியில் எழுதிய சீட்டொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காய்கறி அடுக்கிய கலவைச் சோறான பிபிம்பாப் கேட்கும்போது “கோகி ப்பேகோ ஜுசேயோ” என்றால் கறியில்லாமல் தருவார்கள்.

எனக்குக் கைகொடுத்தது புத்த விகாரைகளின் அருகிலுள்ள சிற்றுண்டிச் சாலைகள். அங்கே மலைக்கீரைகளைப் போட்டுச் சான்சே பிபிம்பாப் தருகிறார்கள். ஒவ்வொரு கீரையையும் தனித்தனியே வதக்கி, எள்ளெண்ணெய் விட்டுச் சோற்றின் மேல் அடுக்கியிருப்பார்கள். அசல் விகாரைச் சமையலில் வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது.

அசைவர்களுக்குக் கொரியா சொர்க்கம். ஆனால் மேசையிலேயே கறி சுடும் கடைகள் பலவற்றில் குறைந்தது இரண்டு பேருக்கான அளவு வாங்கவேண்டும். தனியாகப் போகிறவர்கள் சூப்பும் சோறும் தரும் கடைகளைத் தேடலாம். எந்தக் கடையிலும் சுற்றிவைக்கும் தொடுகறிகளுக்குக் காசில்லை, தீர்ந்தால் மறுபடி வைப்பார்கள். கரண்டியும் குச்சியும் மேசையின் பக்கவாட்டு இழுப்பறையில் இருக்கும். டிப்ஸ் கொடுக்கும் வழக்கமே கிடையாது.

சொராக்சான்: காலால் பார்க்கவேண்டிய மலை

சியோலிலிருந்து விரைவுப் பேருந்தில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் சொக்சோ என்ற கடலோர ஊர் வருகிறது. அங்கிருந்து நகரப் பேருந்திலேயே சொராக்சான் தேசியப் பூங்காவின் வாசலில் இறங்கலாம். நேரம் குறைவு என்றால் கேபிள் கார் இருக்கிறது. கால் பலம் இருப்பவர்கள் 873 மீட்டர் உயரமுள்ள உல்சான்பாவி பாறைக்கு ஏறவேண்டும். போய்வர நான்கு மணி நேரம் ஆகும். முதல் பாதி நிழலான காட்டுவழி, கடைசிப் பகுதி செங்குத்தான படிக்கட்டு.

படிக்கட்டில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, பையிலிருந்து நீளவாக்கில் நறுக்கிய வெள்ளரித் துண்டுகளை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். நானும் இரு கைகளால் வாங்கிக்கொண்டேன். வழியில் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவர் வயதுக்காரர்கள். தொப்பி, ஊன்றுகோல், முதுகுப்பை என்று முழு ஆயத்தத்துடன் நிதானமாக ஏறுகிறார்கள். மலையேற்றம் அங்கே விடுமுறைப் பழக்கமாகவே ஆகிவிட்டிருக்கிறது. நீங்களும் கடற்பாசியில் சுற்றிய சோற்றுருளையான கிம்பாப் ஒன்றும் தண்ணீரும் வாங்கிக்கொண்டு காலையிலேயே ஏறிவிடுங்கள். காட்டுத்தீ அபாயமுள்ள மாதங்களில் சில பாதைகளை மூடிவிடுவார்கள். கிளம்புமுன் பார்த்துக்கொள்வது அவசியம்.

கியோங்ஜு: ஆயிரம் ஆண்டுத் தலைநகர்

சொக்சோவிலிருந்து தெற்கே வர இப்போது நல்ல வழி பிறந்திருக்கிறது. பஸ்ஸில் காங்னுங் வந்தால், அங்கிருந்து புசான் வரை கிழக்குக் கரையோரமாக ரயில் ஓடுகிறது. அந்தப் பாதை 2025 ஜனவரியில்தான் முழுமையடைந்தது.

பழைய கொரிய அரசான சில்லாவின் தலைநகராக ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் இருந்த ஊர் கியோங்ஜு. நகரின் நடுவிலேயே புல் மூடிய குன்றுகள். அரச குடும்பத்தார், பிரபுக்களின் கல்லறைகள் அவை. 1973-இல் தோண்டிய சொன்மாசோங் கல்லறைக்குள் நாமும் போய்ப் பார்க்கலாம். அதில் கிடைத்த வேலைப்பாடு மிகுந்த பொற்கிரீடத்தைப் பார்த்தால் அந்த அரசின் செழிப்பு விளங்கும்.

புல்குக்சா விகாரையைக் காலையில் பாருங்கள். 16-ஆம் நூற்றாண்டின் ஜப்பானியப் படையெடுப்பில் மர மண்டபங்கள் எரிந்தன. கற்படிகளும் இரு கற்கோபுரங்களும் தப்பின. அவற்றில் தபோதாப் என்ற கோபுரம் கொரியாவின் 10 வொன் நாணயத்தில் இருக்கிறது. அங்கிருந்து மலைப்பாதையில் ஒரு மணி நேரம் ஏறினால் சொக்குராம். கருங்கற்களை அடுக்கிக் கட்டிய குகைக்குள், கிழக்கே கடலை நோக்கி அமர்ந்த 8-ஆம் நூற்றாண்டுப் புத்தர். கற்கோயில் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சிற்பியின் உளி பேசும் மொழி உடனே புரியும். விகாரையும் குகையும் சேர்ந்து 1995-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின.

புசானில் ஒரு வணக்கம்

புசானில் ஜகல்ச்சி மீன்சந்தையும் கடலையொட்டிய ஹேதோங் யோங்குங்சா விகாரையும் எல்லாரும் போகும் இடங்கள். மலைச்சரிவில் வண்ண வீடுகள் அடுக்கிய கம்சோனில் படம் எடுக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கொரியப் போரில் வீடிழந்தவர்கள் வந்து ஒண்டிய சரிவு அது. அந்தப் போரில் புசான்தான் தற்காலிகத் தலைநகர். இந்தியா அனுப்பிய 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவும் அப்போரில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை தந்தது. அதற்குத் தலைமை தாங்கிய லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் மகாவீர் சக்ரா பெற்றவர். புசானிலுள்ள ஐ.நா. நினைவுக் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

புசானிலிருந்து அதிவேக கேடிஎக்ஸ் ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக உட்கார்ந்தால் மறுபடி சியோல். இத்தனை வசதி இருக்கும்போது தலைநகரிலேயே முடங்குவதில் அர்த்தமில்லை. உங்கள் விடுமுறை எத்தனை நாளானாலும் சரி, அதில் பாதிக்கு மேல் சியோலுக்குக் கொடுக்காதீர்கள். மீதியை மலைக்கும் கியோங்ஜுவுக்கும் புசானுக்கும் ஒதுக்குங்கள்.