சத்தம் எல்லை மீறினால்

கேள்வி: மத்திய அலை, சிற்றலை ஒலிபரப்பில் பண்பேற்றம் அளவு மீறுவதை நிலையத்தில் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: கண்ணால் பார்த்துத்தான். ஒசிலோஸ்கோப்பின் நிலைக்குத்து அச்சுக்கு ஒலிபரப்பியின் அலையையும் கிடை அச்சுக்குப் பேச்சொலியையும் கொடுத்தால் திரையில் ஒரு சரிவகம் தோன்றும். பண்பேற்றம் கூடக்கூட அதன் ஒரு பக்கம் ஒடுங்கும். 100 சதவீதத்தில் கூர்முனையாகி முக்கோணமாகும். அதையும் தாண்டினால் முனையிலிருந்து வால்போல ஒரு கோடு நீளும். அந்தக் கணங்களில் காவி அலையே அறுந்துபோகிறது. உங்கள் வானொலியில் கரகரப்பு. பக்கத்து அலைவரிசைக்காரருக்கும் தொல்லை. பக்கக்கோடுகள் வளைந்திருந்தால் கோளாறு வேறு: ஒலிபரப்பி சீராகப் பண்பேற்றவில்லை.

ஏரியல் மின்னோட்டமானியும் உதவும். சீரான ஒற்றைத் தொனியால் 100 சதவீதம் பண்பேற்றினால் மின்னோட்டம் ஏறத்தாழ 22.5 சதவீதம் ஏறும், வலு ஒன்றரை மடங்காகும். இரண்டாம் உலகப் போர்க்கால இராணுவ வானொலியான ரேடியோ சியாக் 1949இல் இலங்கைக்கு விட்டுச்சென்ற ஏகல 100 கிலோவாற் சிற்றலை ஒலிபரப்பி போன்ற ஒன்றில் அது 150 கிலோவாற். ஆனால் முள் மெதுவாக நகர்வது. அறிவிப்பாளர் திடீரென்று சிரித்தால் பிடிக்காது. உச்சங்களை அடக்க, ஒலிபரப்பிக்கு முன்னாலேயே லிமிட்டர் வைப்பார்கள். அதை அளவுக்கு மீறி இறுக்கினால் பாட்டு உயிரிழந்துவிடும் என்பது என் கட்சி.