ஒற்றை வரியில் அடங்காத மாடிக் கணக்கு

பெரியநாயக்கன்பாளையம்

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய கொட்டேஷனைப் பார்த்தேன். "ரப்பர் ரூபிங், 1200 சதுர அடி" என்று ஒரே வரி, அதற்கு எதிரே ஒரு தொகை. விலை நியாயமா என்று கேட்டிருக்கிறாய். என்னென்ன வேலைக்கு அந்த விலை என்பதே அந்த வரியில் இல்லாதபோது நியாயம் என்றும் அநியாயம் என்றும் எப்படிச் சொல்வது? மொட்டை மாடி பெரும்பாலும் நடுத்தளத்தில் ஒழுகுவதில்லை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் ஓரத்தில் ஒழுகும். மழைநீர்க் குழாய் தளத்துக்குள் இறங்கும் வாயில் ஒழுகும். ஷீட்டின் மேல் ஷீட் படியும் ஒட்டில் ஒழுகும்; தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் திட்டுக்கு அடியிலும், மாடிப்படி அறையின் வாசற்படியிலும் ஒழுகும். ஓரத்துக்கு அளவு ரன்னிங் அடி, குழாய்க்கும் திட்டுக்கும் அளவு எண்ணிக்கை. சதுர அடி என்ற ஒரே அளவில் விலை சொல்கிறவர் தண்ணீர் நுழையும் இடங்களை விட்டுவிட்டு, நுழையாத இடத்துக்கு விலை சொல்கிறார். ஆகவே உன் மதிப்பீட்டில் சதுர அடி, ரன்னிங் அடி, எண்ணிக்கை என்று மூன்று பத்திகள் இருக்க வேண்டும். அந்த மூன்றையும் நீயே அளந்து எழுதி, விலைப் பத்தியை மட்டும் காலியாக விட்டு, ஒரே தாளை எல்லா ஒப்பந்தக்காரர்களிடமும் கொடு. நம் ஊரில் இது புதிய முறை இல்லை. வார்ப்படத்தைக் கிலோக் கணக்கில் வாங்குகிறோம். அதே வார்ப்படத்தில் துளை போடுவதற்கும் கடைசல் பிடிப்பதற்கும் கிலோக் கணக்கில் கூலி பேசுகிறோமா? 1962-ல் தொடங்கிய எல்.எம்.டபிள்யூ. இயந்திரத் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த பட்டறைகள் அத்தனையும் அறிந்த கணக்கு, மாடி ஏறியதும் மட்டும் மறந்துபோகிறது.

சதுர அடி என்ற முதல் பத்தியே சொன்னபடி நிற்காது என்பதைப் பார். உன் மாடி 30 அடிக்கு 40 அடி. ரப்பர் ஷீட்டைத் தளத்தோடு நிறுத்த முடியாது. நாலு பக்கமும் சுவரில் ஓர் அடியாவது ஏற்றி, அதன் மேல்விளிம்பைச் சுவரில் வெட்டிய காடிக்குள் செருகியோ, அலுமினியப் பட்டை வைத்துத் திருகியோ மூட வேண்டும். ஆக மூட வேண்டிய அளவு 32 அடிக்கு 42 அடி. ஐந்தடி அகலச் சுருள் என்று வைத்துக்கொள். ஒன்றின் மேல் ஒன்று நாலு அங்குலம் படிய வேண்டும் என்றால், இரண்டாவது பட்டையிலிருந்து ஒவ்வொன்றும் 56 அங்குலமே புதிதாக மூடும். 32 அடி என்பது 384 அங்குலம். ஆறு பட்டை 340 அங்குலத்தில் நின்றுவிடும், ஏழு வேண்டும். ஏழு பட்டை, ஐந்தடி அகலம், 42 அடி நீளம் என்றால் 1470 சதுர அடி. 1200-க்கு விலை சொன்னவர் 1470 வாங்கியாக வேண்டும். கூடுதலான அந்த 270 சதுர அடியை விலைக்குள் சேர்த்திருக்கிறாரா, சுவரில் ஏற்றாமலே முடிக்கப் போகிறாரா, பாதி வேலையில் "எக்ஸ்ட்ரா" என்று கேட்கப் போகிறாரா என்பது அந்த ஒற்றை வரியில் தெரியாது. ஒட்டுகளையும் பார். ஏழு பட்டைக்கு நடுவே ஆறு ஒட்டு, ஒவ்வொன்றும் 42 அடி, மொத்தம் 252 ரன்னிங் அடி. சுவரோரம் 140. இந்த 392 ரன்னிங் அடிதான் உன் மாடியின் தலையெழுத்து. அகலமான சுருள் கிடைத்தால் ஒட்டு குறையும். சதுர அடிக்குச் சற்று விலை கூடினாலும் அதை வாங்குவது லாபம். அந்த லாபம் ரன்னிங் அடியை எழுதியவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும்.

ஷீட்டுக்குக் கீழே இருக்கிற செலவு இதைவிடப் பெரியதாகலாம். பழைய தார்சு வீடுகளில் காங்கிரீட்டின் மேல் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, அதன் மேல் தட்டோடு என்று பதித்திருப்பார்கள். மூன்று அங்குலக் கனம் என்றால்கூட உன் மாடியில் 300 கன அடி, அதாவது மூன்று யூனிட். கொத்திப் போட்டால் இன்னும் உப்பும். கொத்துகிற ஆள்கூலி, கீழே இறக்குகிற கூலி, டிராக்டர் வாடகை எல்லாம் கொட்டேஷனில் எங்கே? கொத்தாமல் மேலேயே இன்னொரு ஜல்லித்தளம் போடலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அந்த மூன்று அங்குலம் 15 டன் அளவுக்குப் பாரம். ஒன்றரை மில்லிமீட்டர் ரப்பர் ஷீட் முழு மாடிக்கும் இருநூறு, இருநூற்றைம்பது கிலோவைத் தாண்டாது. ரப்பருக்காகச் சொல்லப்படும் நியாயங்களில் எனக்கு வலுவாகத் தெரிவது இந்த எடைதான். அடுத்தது வாட்டம். நூறடிக்கு ஓரடி சரிவு என்பது குறைந்தபட்சம். தண்ணீர் 40 அடி ஓடி ஒரே பக்கம் இறங்க வேண்டுமானால் எதிர்ப்பக்கம் ஏறக்குறைய ஐந்து அங்குலம் உயர வேண்டும். இரண்டு பக்கமும் குழாய் வைத்தால் நடுவில் இரண்டரை அங்குலத்துக்குள் முடிந்துவிடும். ஒரு குழாய் கூடுதலாக வைக்கும் செலவு, சிமென்டிலும் மணலிலும் பல மடங்கு மிச்சமாகும். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் இந்த மாடியில் 5500 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுகிறது. ஒரே குழாயின் வாயை ஒரு வேப்பங்கொத்து அடைத்தாலும் எல்லாம் அங்கேயே நிற்கும்.

தளத்தின் ஈரத்தையும் பார்க்கச் சொல். மூன்றடிக்கு மூன்றடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் காலையில் தூக்கிப் பார்த்தால் போதும். உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தாலும், தளம் அந்தச் சதுரத்தில் மட்டும் கறுத்திருந்தாலும் வேலையைத் தள்ளிவை. அந்த ஈரம் பிறகு வெயிலில் ஆவியாகி ஷீட்டைக் கொப்புளமாகத் தூக்கும்.

இனி "ரப்பர்" என்று ஒப்பந்தக்காரர் எதைச் சொல்கிறார் என்பது. வாளியில் வந்து பிரஷ்ஷில் அடிக்கும் அக்ரிலிக் பூச்சையும் கடைகளில் ரப்பர் கோட்டிங் என்றே சொல்கிறார்கள். சுருளாக வரும் இபிடிஎம் ஷீட் வேறு சரக்கு. அது கோட்டயத்து ரப்பர் பாலில் செய்வதும் இல்லை. எத்திலீன், புரொப்பிலீன் என்ற பெட்ரோலியப் பொருள்களிலிருந்து வருவது. இயற்கை ரப்பர் வெயிலிலும் ஓசோனிலும் வெடித்துவிடும், இது தாங்கும். அமெரிக்காவில் 1960-களிலிருந்து தட்டைக் கூரைகளுக்கு இதைப் போடுகிறார்கள். 40 அடி காங்கிரீட் தளம் 30 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீளப் பார்க்கும், இரவில் சுருங்கும். மாடியைக் கெடுப்பது மழை, அதுவும் கோவையில் மழை குறைவுதானே என்பவர்களுக்கு இதுவே பதில். நம் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்வது உண்மை. வருஷம் முழுக்கத் தளத்தை இழுத்துச் சுருக்கி வெடிப்பைத் திறந்துவைப்பது வெயில். சிமென்ட் பூச்சுக்கு அந்த 4 மில்லிமீட்டர் போதும், கீறல் விட. இபிடிஎம் தன் நீளத்தைப் போல மூன்று பங்கு கூடுதலாக இழுத்தாலும் அறாது. ஆனால் அதற்கு எண்ணெய் ஆகாது. மினரல் ஆயில் பட்டால் ஊறி உப்பும். கீழே பட்டறை இருக்கிற வீட்டில் எக்ஸாஸ்ட் குழாய் மாடியில் எங்கே வாய் திறக்கிறது என்று பார்த்து, அதை எண்ணிக்கைப் பத்தியில் தனியாக எழுது. கறுப்பு ஷீட் வெயிலைக் குடிக்கும், மேல்வீட்டில் அனல் அடிக்கும். வெள்ளை ஷீட்டோ மேலே வெள்ளைப் பூச்சோ வேண்டும். அதுவும் செலவுதான்.

மலிவாகச் செய்தால் பின்னால் நட்டம் என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். கணக்கு எப்போதும் அப்படிச் சொல்வதில்லை. ஒரு பேச்சுக்கு, பூச்சு வேலை 50,000 ரூபாய், நாலு வருஷம் வரும். ஷீட் வேலை 2,00,000 ரூபாய், இருபது வருஷம் வரும் என்று வைத்துக்கொள். ஐந்து முறை பூசினால் இரண்டரை லட்சம், ஷீட்டில் 50,000 மிச்சம் என்று ஒப்பந்தக்காரர் காட்டுவார். இன்று பூச்சோடு நிறுத்தி, மீதி ஒன்றரை லட்சத்தை 8 சதவீத வட்டியில் போட்டால் நாலு வருஷத்தில் வட்டி மட்டும் 48,000. அடுத்த பூச்சுக்கு அதுவே ஏறக்குறைய போதும், முதல் அப்படியே இருக்கும். கூலியும் சரக்கும் விலை ஏறும் என்பது உண்மை. அதைச் சேர்த்தால் முள் மறுபக்கம் சாயலாம். ஆகவே வெறும் பண்டத்தின் ஆயுளை மட்டும் வைத்துத் தீர்மானிக்காதே. மாடியை என்ன செய்யப் போகிறாய் என்பதை வைத்துத் தீர்மானி. துணி காயப்போட்டு, மிளகாயும் வடகமும் உலர்த்தி, பிள்ளைகள் ஓடியாடும் மாடிக்கு மூடாத ரப்பர் ஷீட் பொருத்தமில்லை. ஒரு கட்டிலின் கால் இழுபட்டாலே கிழியலாம். அங்கே பூச்சும் வெள்ளை டைலும் போதும். சோலார் வைக்கப் போவதாகச் சொன்னாயே, அந்தப் பகுதியின் கணக்கு வேறு. 2024-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் வருகிறது. பேனல்கள் இருபது, இருபத்தைந்து வருஷம் நிற்கும். நாலு வருஷத்துக்கு ஒருமுறை அவற்றைக் கழற்றி, பூசி, திரும்ப மாட்டுகிற செலவைச் சேர்த்தால் பூச்சின் மலிவு அங்கேயே தீர்ந்துவிடும். பேனல் நிற்கும் பாதிக்கு ஷீட், புழங்கும் பாதிக்குப் பூச்சும் டைலும் என்பதே என் அபிப்பிராயம். இரண்டும் சந்திக்கும் 30 ரன்னிங் அடியைத் தனி இனமாக எழுது. பேனல் ஸ்டாண்டைத் தளத்தில் போல்ட் அடிக்காமல், ரப்பர் விரிப்பின் மேல் காங்கிரீட் கட்டை வைத்து நிறுத்த முடியுமா என்று கேள். முடியாதென்றால் ஒவ்வொரு போல்ட்டும் எண்ணிக்கைப் பத்தியில் ஏறட்டும்.

மாடி முழுக்கத் தகர ஷீட்டில் கொட்டகை போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை என்று உன் வீட்டில் யாராவது சொல்வார்கள். நிழல் கிடைக்கும், இடம் கிடைக்கும், நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து தூக்கும் ஊர் இது. தூண்களைத் தளத்திலோ சுவரிலோ ஆழமாகப் பிடிக்க வேண்டும், அத்தனையும் புதிய துளைகள். சாரல் அடிக்கும் பக்கம் பழையபடி நனையும். கொட்டகை போட்டாலும் ஓரத்தையும் குழாயையும் சரிசெய்தே ஆக வேண்டும்.

பத்து வருஷ கேரண்டி என்ற வாக்கியத்துக்கு மயங்காதே. சரக்குக்கு மட்டுமா, கூலிக்கும் சேர்த்தா, தண்ணீர் தேங்கினால் செல்லாது என்ற நிபந்தனை உண்டா என்று எழுத்தில் வாங்கு. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் உள்ளேயா வெளியேயா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். இரண்டு லட்சத்தில் அது 36,000 ரூபாய். பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் குறைத்துக்கொள்ளாதே, பில் இல்லாத கேரண்டியை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? வேலை முடிந்ததும் குழாய் வாய்களை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகே டைலும் பேனலும். பத்தில் ஒரு பங்குத் தொகையை ஐப்பசி மழை ஒன்று கழியும்வரை நிறுத்திவைப்பதாக முன்பே பேசிவிடு. நம்பிக்கையான மேஸ்திரியிடம் இப்படிக் கறாராகப் பேசலாமா என்று தயங்குவாய். அளவை எழுதிக் கேட்பதில் நல்ல மேஸ்திரிக்கு வருத்தம் வராது; ஓரத்தை ஒழுங்காகச் செய்கிறவருக்கு அந்த உழைப்புக்கான கூலி தனியாகக் கிடைக்க இது ஒன்றுதான் வழி. ஒரே வரிக் கொட்டேஷனில் ஓரத்தை விட்டுவிட்டவரே மலிவாகத் தெரிவார், செய்கிறவருக்கு வேலை போகாது.

பொங்கல் கழிந்து தளம் நன்றாகக் காய்ந்த பிறகு, கோடை மழை தொடங்குமுன் வேலை முடிந்தாக வேண்டும். அதற்குள் டேப்பும் ஒரு தாளும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், குழாய், திட்டு, வாசற்படி, எக்ஸாஸ்ட் எல்லாவற்றையும் எண்ணி எழுதி எனக்கு அனுப்பு. விலையைப் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
உன் பெரியப்பா